பால்காரம்மாவின் இடது பை

அந்த ஆஸ்பத்திரியில் அவளுக்குப் பால்காரம்மா என்று பெயர். மாடும் கிடையாது, கேனும் கிடையாது. பிள்ளை பெற்றுப் படுத்திருக்கும் பெண்களுக்குத் தாய்ப்பால் கொடுக்கச் சொல்லித்தருகிற நர்ஸ் அவள். வாசல் வாட்ச்மேன் வேடிக்கையாக வைத்த பெயர் மூன்று மாடிக்கும் பரவியது. பெரிய டாக்டரே ஒருநாள் வாய்தவறி, "அந்தப் பால்காரம்மாவக் கூப்பிடுங்க" என்று சொல்லிவிட்ட பிறகு, இனிக் கோபித்துப் பிரயோஜனம் இல்லை என்று அவளும் விட்டுவிட்டாள். "தண்ணி கலக்காத பால் என்கிட்ட மட்டும்தான் கிடைக்கும்" என்று தானே சொல்லிக்கொள்ளவும் ஆரம்பித்தாள்.

வார்டுக்குள் புட்டிப்பால் நுழையக் கூடாது என்பது அவள் சட்டம். பிள்ளை பிறந்ததும் முதல் வேலையாகத் தாயின் வெறும் மார்பில் கிடத்திவிடுவாள். முதலில் ஊறும் மஞ்சள் நிறச் சீம்பாலைக் கெட்ட பால் என்று பிழிந்து கொட்டச் சொல்லும் அத்தைமார்களையும் பெரியம்மாக்களையும் ஒரே முறைப்பில் வராந்தாவுக்கு அனுப்பிவிடுவாள். புட்டியைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்தவர்கள் யாரும் அவளிடம் தப்பியதில்லை. ஆனால், பால் வரவில்லையே என்று கண்ணைக் கசக்குகிற பெண்ணிடம் மட்டும் அந்த அதட்டலெல்லாம் எங்கே போகுமோ தெரியாது. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, தலையணையைச் சரிசெய்து, பிள்ளையின் வயிறு தாயின் வயிற்றோடு ஒட்டும்படி திருப்பி வைத்து, "அழாதம்மா. மனசு நல்லா இருந்தா பால் தானா வரும்" என்பாள். எத்தனை பேரிடம் சொல்லியிருப்பாளோ, கணக்கில்லை. பயந்துபோன பெண்ணின் தோள் தளர்வதற்காகச் சொல்வது அது. அதற்குமேல் அந்த வார்த்தையை அவள் யோசித்துப் பார்த்ததில்லை.

ஜன்னலோரக் கட்டிலுக்கு வந்தவள் பஸ் கண்டக்டர். வயிற்றில் இரண்டு. மாதம் நிறைவதற்குள் வலி வந்து, ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். இரண்டும் பையன்கள். முதலில் வந்தவன் இளைத்திருந்தாலும் அறையே அதிரும்படி கத்தினான். அடுத்தவன் ஒரு கைப்பிடிதான் இருந்தான், கத்துவதற்கு அவனிடம் மூச்சில்லை. அவனைத் தாய் முகத்துக்கு நேரே ஒரு கணம் காட்டிவிட்டு, கீழ்த்தளத்தில் குறைமாதக் குழந்தைகளைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துக் காப்பாற்றும் பிரிவுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். மருந்துக் கிறக்கத்தில் தான் பார்த்தது ஒரு காது மட்டும்தான் என்று கண்டக்டர் பிறகு சொன்னாள்.

பால்காரம்மா இரண்டு பேருக்கும் அன்றைக்கே பெயர் வைத்துவிட்டாள். மேலே இருப்பவர் பெரியவர், கீழே இருப்பவர் சின்னவர். பிறந்த பிள்ளைகளை மரியாதையாகக் கூப்பிடுவது அவள் வழக்கம்.

"பெரியவருக்கு என்ன கோபம்? வாயையே திறக்க மாட்டேங்கிறாரே?"

"எங்க திறக்கிறான் அக்கா! நுனியை மட்டும் பிடிச்சுக்கிட்டு படியிலயே தொங்குறான். உள்ள ஏறு, உள்ள ஏறுன்னு எவ்வளவு கத்தினாலும் ஏற மாட்டேங்கிறான்" என்றாள் கண்டக்டர்.

வார்டே சிரித்தது. தையல் போட்ட வயிற்றைப் பிடித்துக்கொண்டு கண்டக்டரும் சிரித்தாள். அவள் வாய் அப்படி. வலி வந்தாலும் சும்மா இருக்காது. பக்கத்துக் கட்டில்காரி ஒருத்தி, பஸ்ஸில் ஆம்பளைங்க கூட்டத்தை எப்படிச் சமாளிக்கிறாய் என்று கேட்டதற்கு, "கூட்டம் என்ன கூட்டம்? எனக்கு ரூல் ஒண்ணே ஒண்ணுதான். கடைசி ஆள் ஏறாம நான் விசில் அடிக்க மாட்டேன். எவ்வளவு தூரத்துல ஓடி வந்தாலும் சரி, நிறுத்தி ஏத்திக்கிட்டுத்தான் கிளம்புவேன். டிரைவர் திட்டுவார். திட்டிட்டுப் போகட்டும்" என்றாள்.

மறுநாள் அவளுக்குக் காய்ச்சல் கண்டது. தையலில் கிருமி தொற்றியிருக்கிறது என்றார்கள். காய்ச்சலோடு பெரியவருக்குப் பால் கொடுப்பதில் தடையில்லை. ஆனால் கண்ணாடிப் பெட்டிகள் இருக்கிற அறைக்குள் காய்ச்சல்காரர்களை விடமாட்டார்கள். சின்னவரைப் பார்க்க முடியாது என்று தெரிந்ததும்தான் கண்டக்டர் முதல்முறையாக அழுதாள். பால்காரம்மா அவள் கன்னத்தைத் துடைத்துவிட்டு, "காய்ச்சல் இறங்கட்டும். இறங்கின அன்னைக்கே நானே உன்னைக் கூட்டிட்டுப் போய் சின்னவர உன் நெஞ்சுல வைக்கிறேன். இது பால்காரம்மா வாக்கு. அதுவரைக்கும் அவருக்குப் பால் அனுப்பு, போதும். மனசு நல்லா இருந்தா பால் தானா வரும்" என்றாள்.

கட்டிலருகே நின்ற புருஷன் அதைக் கேட்டுத் தலையாட்டிக்கொண்டான். பஸ் டெப்போவில் மெக்கானிக். யார் எதைச் சொன்னாலும் வண்டிக்கு எழுதிய குறிப்புபோல மனதில் ஏற்றிக்கொள்கிற ஆள்.

அன்றிலிருந்து பால்காரம்மாவுக்கு மேலும் கீழுமாக நடைதான். கண்டக்டர் கையாலேயே மெல்ல அழுத்திக் கிண்ணத்தில் பால் எடுப்பாள். முதலில் கிண்ணத்தின் அடியைக்கூட மறைக்கவில்லை. அந்தச் சொட்டுகளைச் சிரிஞ்சில் உறிஞ்சிக் கீழே கொண்டுபோனால், அங்கிருக்கும் சிஸ்டர் அதைச் சின்னவரின் வாய்க்குள் போகும் மெல்லிய குழாயில் விடுவாள். பாலோடு ஒரு துணியும் போகும். பழைய மெத்தை விரிப்பைக் கைக்குட்டை அளவில் கிழித்து, வேகவைத்து எடுத்த துணிகள் அவை. ஒன்று கண்டக்டரின் மார்புக்குள் இருக்கும். ஒன்று சின்னவரின் கன்னத்துக்கு அடியில் இருக்கும். ஒவ்வொரு தடவையும் இரண்டும் இடம் மாறும். பிள்ளைக்குத் தாய் வாசனை, தாய்க்குப் பிள்ளை வாசனை. பிள்ளையை முகர்ந்தால் பால் சுரக்கும் என்பது பால்காரம்மா கண்ணால் கண்டது. துணிகள் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும் என்பதால், அவள் தன் கோட்டுப் பைகளுக்கு ஒரு சட்டம் வைத்திருந்தாள். போகிறது வலது பை, வருகிறது இடது பை. ஒருநாளும் மாறியதில்லை.

"சின்னவர் எப்படி இருக்கார் அக்கா?"

"நீ குடுத்ததுல ஒரு சொட்டு மிச்சம் வைக்கல. இன்னும் இருக்கான்னு நாக்கை நீட்டுறார்."

"வயித்துல பால வார்த்தீங்க அக்கா" என்பாள் கண்டக்டர். அந்தத் துணியை மூக்கில் வைத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வாள். மூடின கண்ணோடு, "மருந்து வாசனைக்கு நடுவுல ஒரு வாசனை வருது பாருங்க, அதுதான் அவன். ஆயிரம் பேருக்கு நடுவுல விட்டாலும் கண்டுபிடிச்சுடுவேன்" என்பாள்.

அவளுடைய நாத்தனார் ஒருத்தி துணைக்கு வந்து தங்கியிருந்தாள். புருஷனுக்கு மூத்தவள். வந்த அன்றே அவள் பையிலிருந்து பால்பவுடர் டப்பா ஒன்றைப் பால்காரம்மா கைப்பற்றிவிட்டாள்.

"ரெண்டு பிள்ளைக்கு இவகிட்ட எங்கம்மா இருக்கு பால்? ஒரு பிள்ளையாவது வயிறு நிறையட்டுமேன்னுதான்…"

"வயிறு நிறையும். நீங்க இதைக் கரைச்சுக் குடுத்தா அவர் இங்க உறிஞ்ச மாட்டார். அவர் உறிஞ்சலைன்னா இங்க ஊறாது. வீட்டுக்குப் போகும்போது டப்பாவ வாங்கிக்கோங்க."

நாத்தனாருக்கு முகம் சுண்டிப்போனது. ஆனாலும் கெட்டவள் இல்லை. கண்டக்டரின் காலை நீவிவிட்டு, அவள் துணிகளை அலசிப் போட்டு, தரையில் ஒரு போர்வையை விரித்துக் கிடந்தாள். தம்பி குடும்பத்தின் மேல் உயிரை வைத்திருந்தவள். அந்த உயிர்தான் பிறகு ஒரு பெரிய தப்பைச் செய்ய வைத்தது.

அன்று காலை பால்காரம்மா வழக்கம்போல முதலில் கீழ்த்தளத்துக்குப் போனாள். கையைக் கழுவிக்கொண்டு கதவைத் தள்ளியதுமே தெரிந்துவிட்டது. சின்னவரின் பெட்டி திறந்திருந்தது. அதன்மேல் மினுக்கிக்கொண்டிருக்கும் விளக்கு அணைந்திருந்தது. ஓரத்து மேஜையில் வெள்ளைத் துணியில் சுற்றிய ஒரு சின்னப் பொதி. அதன் முன்னால் மெக்கானிக் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றான். நாத்தனார் சுவரில் சாய்ந்து, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு, சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தாள்.

"விடியறதுக்குக் கொஞ்சம் முன்னாடி. மூச்சு விட மறந்துட்டான். எவ்வளவோ பண்ணோம்" என்றாள் கீழ்த்தளத்துச் சிஸ்டர். மடித்த துணி ஒன்றை நீட்டினாள். "கன்னத்துக்கு அடியில இருந்தது."

பால்காரம்மா வாங்கிக்கொண்டாள். கை தன்பாட்டுக்கு அதை இடது பைக்குள் வைத்தது.

இரவெல்லாம் தூங்காத டாக்டர் பெண், கண் சிவந்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தாள். "அம்மாகிட்ட சொல்லணும். அவங்க ஒரு தடவ கையில வாங்கிப் பாக்கணும். நானே மேல வந்து சொல்றேன்" என்றாள்.

"வேண்டாம் டாக்டர்" என்றான் மெக்கானிக். "அவளுக்கு இப்போ தெரிய வேண்டாம். வீட்டுக்குப் போனப்புறம் நான் மெதுவா சொல்லிக்கிறேன். இதைக் கேட்டா அவ உடைஞ்சுடுவா. உடைஞ்சா பால் வத்திடும். இருக்கிறவனாவது பொழைக்க வேண்டாமா?" அவன் பால்காரம்மாவின் பக்கம் திரும்பினான். "மனசு நல்லா இருந்தாத்தான் பால் வரும்னு நீங்கதானே சிஸ்டர் சொன்னீங்க?"

அவள் சொன்னது அப்படியில்லை. அவள் சொன்னதில் 'தான்' இல்லை. ஒரு 'தான்' ஏறினதில் ஆறுதல் சட்டமாகிவிட்டது. பால் அப்படியெல்லாம் வற்றுவதில்லை என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். அழுகையில் ஒருவேளை தயங்கும். பிள்ளை உறிஞ்ச உறிஞ்சத் திரும்ப வரும். தொட்டில் காலியாகிப்போன பெண்களுக்கும் பால் கட்டி, வலி பொறுக்காமல் துடித்ததையும், ஈரத்துணியைப் பிழிந்து அவர்கள் மார்பில் போட்டுவிட்டுத் தானும் கூட உட்கார்ந்து அழுததையும் அவள் மறந்துவிடவில்லை. இதையெல்லாம் அங்கேயே, அந்த மேஜைக்கு முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தாள்.

அதற்குள் நாத்தனார் அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "உங்க பேச்சத்தான் அவ கேப்பா. உங்களக் கும்பிட்டுக் கேக்குறேன். ஒண்ணு போயிடுச்சு. ஒண்ணையாவது காப்பாத்திக் குடுங்க."

"நீங்க என்ன சொல்றீங்க சிஸ்டர்? உங்களுக்குத்தான் அவங்கள நல்லாத் தெரியும்" என்றாள் டாக்டர்.

எல்லோரும் அவள் முகத்தையே பார்த்தார்கள். புட்டியைக் கண்டால் சிங்கம்போலச் சீறுகிறவள், அங்கே கதவின் பக்கம் திரும்பினாள். "நான் மேல போய் அவ எப்படி இருக்கான்னு பாத்துட்டு வரேன்" என்றாள் கடைசியில். "அதுவரைக்கும் எடுத்துட்டுப் போயிடாதீங்க தம்பி."

"வண்டி சொல்லியிருக்கேன் சிஸ்டர். அது வர்ற வரைக்கும் இருப்பேன்."

வேறொரு பெட்டியில் மணி அடித்தது. டாக்டர் அங்கே ஓடினாள்.

மேலே ஜன்னலோரக் கட்டிலில் வேறு உலகம் நடந்துகொண்டிருந்தது. கண்டக்டர் தலை வாரிப் பின்னலிட்டு, முகம் கழுவி, கால் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தாள். பெரியவர் அவள் மார்பில் முகத்தைப் புதைத்து, தாடை அசைய அசைய, மடக் மடக்கென்று சத்தம் வரக் குடித்துக்கொண்டிருந்தார்.

"அக்கா! உள்ள ஏறிட்டான்! படியில இல்ல, சீட்டு பிடிச்சு உக்காந்துட்டான், பாருங்க!" என்று அவள் கத்திய கத்தலில் நாலு கட்டில் திரும்பிப் பார்த்தது. "காய்ச்சலும் இல்ல அக்கா. இப்பத்தான் பாத்துட்டுப் போனாங்க. சுத்தமா இறங்கிடுச்சு. கிளம்பலாமா?"

பால்காரம்மா கட்டில் விரிப்பின் மடிப்பை நீவினாள். "எங்க?" என்று கேட்டாள், தெரிந்தே.

"எங்கயா? நல்லா இருக்கே! யாரோ வாக்குக் குடுத்தாங்களே! சின்னவர என் நெஞ்சுல வைக்கிறேன்னு!" அவள் கட்டில் பக்கத்து மேஜையைக் காட்டினாள். "அதப் பாருங்க முதல்ல."

மேஜையில் கிண்ணம் இருந்தது. அத்தனை நாளும் அடி நனைந்த கிண்ணம், இன்று விளிம்புவரை நிறைந்திருந்தது. மஞ்சள் போய், நல்ல வெள்ளையாக, இன்னும் சூடு ஆறாமல். மேலே ஒட்டியிருந்த பிளாஸ்திரியில் 'சின்னவர்' என்று பால்காரம்மாவின் கையெழுத்திலேயே இருந்தது.

"இவன் குடிச்சது போக அவ்வளவு! அண்ணி இதப் பாத்திருக்கணும். ரெண்டு பிள்ளைக்குப் பத்துமான்னு கேட்டாங்கல்ல? எங்க போனாங்க அக்கா, விடிஞ்சதுல இருந்து ஆளையே காணோம்?"

அப்போது சொல்லியிருக்கலாம். அவள் கையைப் பிடித்து, எழுந்திரும்மா, இப்போதே போகலாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், நேரம் இருந்தது. ஆனால் பெரியவர் அப்படிக் குடித்துக்கொண்டிருந்தார். அவள் முகம் அப்படி மலர்ந்திருந்தது. அந்தச் சிரிப்பை என் வாயாலா அணைக்க வேண்டும் என்று பால்காரம்மாவுக்குத் தோன்றியது. அவள் பொய் சொன்னாள். வாழ்க்கையில் ஒரு தாயிடம் சொன்ன முதல் பொய்.

"கீழ அறையக் கழுவுறாங்கம்மா. யாரையும் விடல. சாயங்காலம் போகலாம்."

கண்டக்டரின் முகம் வாடியது. அடுத்த நொடியே சமாளித்துக்கொண்டாள். "சரி, சாயங்காலம்னா சாயங்காலம். இவ்வளவு நாள் இருந்தாச்சு. பாலையாவது கொண்டுபோங்க, பாவம் பசியா இருப்பான்." மார்பிலிருந்து துணியை எடுத்துக் கொடுத்தாள். "அவனோடத மறக்காம கொண்டுவந்துடுங்க."

பால்காரம்மா அந்தத் துணியை வலது பையில் வைத்துக்கொண்டு, கிண்ணத்தை இரண்டு கையாலும் ஏந்தி வெளியே வந்தாள்.

எங்கே போவது? கீழே போனால் அந்தப் பொதியின் முன்னால் இந்தப் பாலோடு நிற்க வேண்டும். வார்டின் கோடியில் கிண்ணம் கழுவும் தொட்டி இருந்தது. அங்கே போய் நின்றாள். கொட்டிவிடலாம் என்று கிண்ணத்தைச் சாய்த்தாள். கை வரவில்லை. பயிற்சிக்கு வரும் பெண்கள் ஒரு சொட்டைச் சிந்தினாலும், "அது பாலுன்னா நினைச்ச? ஒருத்தியோட உசுரு" என்று குதறி எடுக்கிறவள் அவள். மூடி போட்டு, பக்கத்திலிருந்த சின்ன ஃப்ரிட்ஜுக்குள், வேறு வேறு பிள்ளைகளின் கிண்ணங்களுக்கு நடுவில் அதை வைத்தாள்.

வைத்த பிறகும் அங்கேயே நின்றாள். உடனே திரும்பிப் போனால் கண்டக்டர் சந்தேகப்படுவாளே! கீழே போய், பாலைக் கொடுத்து, இரண்டு வார்த்தை பேசி, மேலே வருகிற நேரம் ஆக வேண்டாமா? பொய்க்கு வேண்டிய நேரத்தைக் கொடுத்துக்கொண்டு, குழாயைத் திறந்துவிட்டு, கழுவின கையையே திரும்பத் திரும்பக் கழுவினாள். ஜன்னலுக்குக் கீழே பின்வாசலில் ஏதோ ஒரு வண்டி வந்து நிற்கும் சத்தம் கேட்டது. ஆஸ்பத்திரிக்கு வண்டிகள் வருவதும் போவதும் புதிதா என்ன? அவள் எட்டிப் பார்க்கவில்லை.

ஈரக் கையை வலது பைக்குள் விட்டு, அங்கிருந்த துணியில் துடைத்து, அதைக் கையோடு எடுத்துக்கொண்டு திரும்பி வந்தாள்.

"குடிச்சானா?"

"ம்."

"எவ்வளவு?"

"எல்லாத்தையும்."

கையிலிருந்த துணியை நீட்டினாள். கண்டக்டர் ஆசையாக வாங்கி மூக்கில் வைத்துக்கொண்டு, வழக்கம்போலக் கண்ணை மூடினாள். பிறகு கண்ணைத் திறந்தாள். துணியை இன்னொரு தரம் முகர்ந்தாள். ஈரமாக இருந்த ஓரத்தைத் தடவிப் பார்த்தாள்.

"அக்கா, இது என்னோடது."

பால்காரம்மாவின் கை இடது பைக்குப் போய், அங்கேயே நின்றுவிட்டது.

"நீங்க கீழ போகவே இல்ல" என்றாள் கண்டக்டர். கத்தவில்லை. டிக்கெட் எடுக்காதவர்கள் முகத்தைத் தினமும் பார்க்கிறவள் அவள். அப்படிப் பார்த்தாள். "சின்னவர் எங்க?"

பால்காரம்மா சொல்லிவிட்டாள். எப்படிச் சொன்னாள், என்ன வார்த்தை போட்டுச் சொன்னாள் என்று அவளுக்கே நினைவில்லை. "கீழ வச்சிருக்காங்கம்மா, வா, இப்பவே போகலாம், நான் கூட்டிட்டுப் போறேன்" என்று சொன்னது மட்டும் நினைவிருந்தது.

கண்டக்டர் அழவில்லை. பால் குடித்துக்கொண்டிருந்த பிள்ளையின் வாயில் விரலை வைத்து, பால்காரம்மா சொல்லிக்கொடுத்தபடியே பதமாக விடுவித்து, அவனைப் பக்கத்துக் கட்டில்காரியிடம் கொடுத்தாள். தையலை ஒரு கையால் அழுத்திக்கொண்டு எழுந்தாள். செருப்பைத் தேடவில்லை. லிஃப்ட் வரத் தாமதமாக, படியில் இறங்கத் தொடங்கினாள். ஆபரேஷன் செய்த உடம்பு அப்படி இறங்கக் கூடாது. பால்காரம்மா ஒரு கையால் அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு கூடவே இறங்கினாள்.

கண்ணாடிப் பெட்டிகள் இருந்த அறையில் அந்த மேஜை காலியாக இருந்தது. "பின்வாசல்" என்றாள் கீழ்த்தளத்துச் சிஸ்டர். இருவரும் பின்வாசலுக்குப் போனார்கள்.

அங்கே நாத்தனார் மட்டும் தனியாக நின்றிருந்தாள். கேட் திறந்து கிடந்தது. தரையில் வண்டி திரும்பிய ஈரத்தடம் இன்னும் காயவில்லை.

"இப்பத்தான்மா…" என்றாள் நாத்தனார். கண்டக்டரின் முகத்தைப் பார்த்ததும் கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

பால்காரம்மா தன் போனை எடுத்து மெக்கானிக்கின் எண்ணைப் போட்டாள். மணி நாத்தனாரின் கைப்பைக்குள் அடித்தது. பொதியை வாங்க இரண்டு கையும் வேண்டியிருந்ததால், போனை அக்காவிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தான்.

"எந்தப் பக்கம் போச்சு? எங்க கொண்டுபோறாங்க?"

"தெரியலையேம்மா. டிரைவருக்குத்தான் தெரியும்."

பால்காரம்மா தெருமுனைவரை ஓடினாள். கையைத் தூக்கிக்கொண்டு நடுரோட்டில் நின்றாள். ஏகப்பட்ட வண்டிகள் போயின, அந்த வண்டி இல்லை. மூச்சிரைக்கத் திரும்பி வந்தபோது, கண்டக்டர் கேட் பக்கத்துத் திண்டில் உட்கார்ந்திருந்தாள். வெறும் காலில் மண் ஒட்டியிருந்தது. ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் ஏறுறதுக்குள்ள விசில் அடிச்சுட்டீங்களே அக்கா" என்றாள்.

பால்காரம்மாவுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அவள் காலடியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். தொட்டியடியில் கழுவின கையையே கழுவிக்கொண்டு நின்றது ஒன்றுதான் கண்முன்னால் வந்தது. அந்த நேரம் போதும். அதில் ஒரு தாய் தன் பிள்ளையை முதலும் கடைசியுமாக மடியில் வாங்கியிருப்பாள். இடது பையிலிருந்து துணியை எடுத்து அவள் கையில் வைத்தாள்.

கண்டக்டர் அதை முகர்ந்தாள். இந்தத் தரம் கண்ணைத் திறக்கவில்லை. முகம் முழுவதையும் அதில் புதைத்துக்கொண்டாள். அவள் தோள் குலுங்கத் தொடங்கியது. அப்போதுதான் அவள் மேலாடையில் இரண்டு ஈரப் பொட்டுகள் தெரிந்தன. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவை பெரிதாகி, ஒன்றோடொன்று சேர்ந்து, வயிறுவரை இறங்கின. பால் சொட்டி அவள் மடியில் விழுந்தது.

நாத்தனார் அதைப் பார்த்தாள். இரண்டு கையாலும் தன் வாயிலேயே அடித்துக்கொண்டு, "ஐயோ, வத்தலையே, வத்தலையேம்மா" என்று கதறினாள்.

பிறகு நடந்ததெல்லாம் நடக்க வேண்டிய மாதிரிதான் நடந்தது. மெக்கானிக் வெறுங்கையோடு திரும்பி வந்தான். வந்தவனிடம் கண்டக்டர், "அவன் மூக்கு யார் மாதிரி இருந்தது?" என்று மட்டும் கேட்டாள். அவன் வராந்தாவுக்குப் போய்விட்டான். அவளைச் சின்னவர் இருக்கும் இடத்துக்கு அழைத்துப்போக இன்னும் கொஞ்ச நாள் ஆகும், தையல் ஆற வேண்டும் என்றார்கள். அங்கே பார்ப்பதற்கு மண்தான் இருக்கும். பெரியவருக்குப் பால் கொடுப்பதை அவள் ஒருவேளைகூடத் தவறவிடவில்லை. வாயை அகலத் திறக்கும்வரை காத்திருந்து, வயிற்றோடு வயிறு ஒட்டி, எல்லாம் சொல்லிக்கொடுத்தபடியே செய்தாள். வாய் மட்டும் பேசுவதை நிறுத்திவிட்டது. பால்காரம்மா வந்தால் வேண்டியதைக் காட்டுவாள், வாங்கிக்கொள்வாள். அக்கா என்று கூப்பிடவில்லை. சின்னவரின் துணி அவள் மார்புக்குள்ளேயே இருந்தது. பெரியவர் குடிக்கும்போது அதை எடுத்து ஒருதரம் முகர்ந்துவிட்டுத் திரும்ப வைத்துக்கொள்வாள்.

ஃப்ரிட்ஜில் இருந்த கிண்ணத்தை யாரும் தொடவில்லை. அதை எப்போது எடுப்பது, என்ன செய்வது என்று பால்காரம்மாவுக்குத் தெரியவில்லை. பிளாஸ்திரியை உரிக்கவும் மனம் வரவில்லை.

வீட்டுக்கு அனுப்புவதற்கு முந்தின நாள், பக்கத்துக் கட்டிலுக்குப் புதிதாக ஒருத்தி வந்தாள். தலைப்பிள்ளை. சின்னப் பெண். பிள்ளை கத்தக் கத்த, பால் வரவில்லை என்று தேம்பித் தேம்பி அழுதாள். பால்காரம்மா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, தலையணையைச் சரிசெய்து, பிள்ளையைத் திருப்பி வைத்தாள். "அழாதம்மா" என்றாள். அடுத்து வரவேண்டிய வார்த்தை நாக்கு நுனிவரை வந்து ஒட்டிக்கொண்டது. அந்தப் பெண் கண்ணீரோடு அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏன் சிஸ்டர், நான் அழுதா பால் வராதாமே? அத்தை சொன்னாங்க. மனசு நல்லா இருந்தாத்தான் வருமாமே?"

பால்காரம்மா தலையணையை இன்னொரு தரம் சரிசெய்தாள். ஜன்னலோரக் கட்டிலில், அவர்களுக்கு முதுகைக் காட்டி, பெரியவருக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்த கண்டக்டர் திரும்பாமலே பேசினாள். அத்தனை நாளைக்குப் பிறகு வார்டு அவள் குரலை அப்போதுதான் கேட்டது.

"மனசுக்கும் பாலுக்கும் சம்பந்தமே இல்லம்மா. நீ பாட்டுக்கு அழு. பிள்ளையை மட்டும் நெஞ்சுல வச்சுக்கோ, வரும்" என்றாள். பெரியவரை அடுத்த மார்புக்கு மாற்றினாள். பிறகு, "பிள்ளை இல்லைன்னாலும் வரும்" என்றாள்.

சின்னப் பெண்ணுக்கு அது புரியவில்லை. பால்காரம்மா குனிந்து, கத்திக்கொண்டிருந்த பிள்ளையின் வாயைத் தாயின் மார்பருகே கொண்டுபோய் வைத்தாள்.